51 மேட்ச் தோக்காத டீமை அட்டலாண்டா அடிச்சது எப்படி? காஸ்பெரினியோட ஆளுக்கு ஆள் கணக்கு

வணக்கம் மக்களே! 2024 மே 22, டப்ளின், ஐரோப்பிய கிளப்புங்க மோதுற யூரோப்பா லீக் ஃபுட்பால் ஃபைனல். அந்த சீசன்ல 51 மேட்ச் தோக்காம வந்திருக்கு ஜெர்மன் டீம் பேயர் லெவர்கூசன். எதிர்ல அட்டலாண்டா, இத்தாலியில பெர்காமோ ஊரு டீம். 1963ல ஒரு இத்தாலியக் கோப்பை ஜெயிச்சாங்க, அதோட சரி. முடிவு 3-0. மூணு கோலும் அடெமோலா லுக்மன். இந்த வீடியோல அப்ப அட்டலாண்டா கோச்சா இருந்த ஜான் பியரோ காஸ்பெரினி போட்ட கணக்கைத்தான் பார்க்கப்போறோம்.

பெரும்பாலான டீம் டிஃபென்ஸ்ல இடத்தைக் காக்கும். காஸ்பெரினி டீம் ஆளைக் காக்கும், அதுவும் மைதானம் முழுக்க. லெவர்கூசன் ஆடுனது 3-4-3, அதாவது மூணு டிஃபெண்டர், நாலு மிட்ஃபீல்டர், மூணு ஃபார்வர்டு. இவரும் 3-4-3. இவங்க மூணு ஃபார்வர்டு அவங்க மூணு சென்டர் பேக் (நடு டிஃபெண்டர்) மேல. ஓரத்துல மேலயும் கீழயும் ஓடுற விங் பேக்குக்கு விங் பேக். நடுவுல எடெர்சன், கூப்மைனர்ஸ் ரெண்டு பேரும் லெவர்கூசனோட ஷாக்கா, பலாசியோஸ் மேல. பின்னாடி மூணு பேருக்கு மூணு பேர். கூட்டிப் பாருங்க, பத்துக்குப் பத்து. உபரியா ஒரு டிஃபெண்டர்கூட கிடையாது. மத்த கோச்சுங்க பயப்படறதே இதுக்குத்தான்.

அன்னைக்கு லெவர்கூசன் கோச் ஷாபி அலோன்சோ பக்கா ஸ்ட்ரைக்கர் இல்லாமத்தான் ஆரம்பிச்சார். அவங்க ஃபார்வர்டு அட்லி முன்னாடி நின்னு, கீழ இறங்கி பந்து வாங்குற மாதிரி. இடத்தைக் காக்குற டீம்னா இதுல குழம்பிடும். போகவா, நிக்கவான்னு சென்டர் பேக் யோசிக்கிற அந்த ஒரு நொடிதான் அட்டாக்குக்கு லாபம். அட்டலாண்டாவுல அந்த யோசனைக்கே வேலையில்ல. ஆள் இறங்குனா டிஃபெண்டரும் நடுக்கோடு வரைக்கும் கூடவே வருவார். வாங்குறவர் முதுகைத் திருப்பி நிக்கும்போதே மேல ஏறிடணும், திரும்ப விடக்கூடாது. அதனால லெவர்கூசன் ஸ்டார் விர்ட்ஸ் மாதிரி ஆளுக்கே முகம் பார்த்து ஆட இடமில்லாம போச்சு. இடைவேளைல அலோன்சோ ஸ்டானிசிச்சை எடுத்துட்டு ஸ்ட்ரைக்கர் போனிஃபேஸை இறக்குனதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

எதிர் டீம் 4-3-3 ஆடுனா? அப்ப காஸ்பெரினி 3-4-1-2க்கு மாறிடுவார். முன்னாடி ரெண்டு பேர் ரெண்டு சென்டர் பேக் மேல, பின்னால ஒருத்தர் அவங்க ஹோல்டிங் மிட்ஃபீல்டர் (டிஃபென்ஸுக்கு முன்னாடி நிக்கறவர்) மேல, விங் பேக் ரெண்டும் ஏறிப் போய் ஃபுல் பேக்கை, அதாவது ஓரத்து டிஃபெண்டரைப் பிடிக்கணும். மிச்சம் ரெண்டு மிட்ஃபீல்டர், மூணு டிஃபெண்டர், அவங்கவங்க ஆளோட. திரும்பவும் பத்துக்குப் பத்து. அதே வருஷம் ஏப்ரல்ல, குவார்ட்டர் ஃபைனல் முதல் லெக்ல, லிவர்பூலை ஆன்ஃபீல்டுலயே 3-0 அடிச்சது இப்படித்தான். ஸ்கமாக்கா ரெண்டு, பஷாலிச் ஒண்ணு.

சரி, இது எங்க உடையும்? முதல்ல, டிரிப்ளிங். ஒருத்தர் தோத்தா பக்கத்துல இருக்கறவர் தன் ஆளை விட்டுட்டு வரணும். அந்த ஆள் ஃப்ரீ. அவரை அடைக்க இன்னொருத்தர் வரணும். ரெண்டே பாஸ்ல வரிசையே கலைஞ்சிடும். 2019 அக்டோபர்ல மான்செஸ்டர் சிட்டி அட்டலாண்டாவை 5-1 அடிச்சப்போ ஸ்டெர்லிங் செகண்ட் ஹாஃப்ல ஹாட்ரிக் போட்டார், பாருங்க. ரெண்டாவது, எதிராளிங்க இடம் மாத்தி ஓடும்போது, யார் யாரை எடுக்கறதுன்னு வாய்விட்டுக் கத்தணும். கத்தாம விட்டா ஒரே ஆள் மேல ரெண்டு பேர் நிப்பாங்க. மூணாவது, கால் ஓயும். 70 நிமிஷத்துக்கு மேல ஆளைத் துரத்துற தூரம் ஒரு அடி கூடினாலே போதும், பந்தை வாங்கித் திரும்பிடுவாங்க. இந்த மாதிரி ஆட ஃபிட்னஸ் ட்ரெயினிங்தான் அஸ்திவாரம்.

ஃபைனல் கோல்களைப் பாருங்க. 12ஆவது நிமிஷம், வலது விங் பேக் சப்பகோஸ்டா கிராஸ், இடது பக்கத்துல இருந்து லுக்மன் பலாசியோஸுக்கு முன்னாடி புகுந்து அடிக்கிறார். விங் பேக் அவ்வளவு மேல நின்னாத்தான் அந்த கிராஸே வரும். 26ல, லெவர்கூசன் பறிகொடுத்த பந்து. ஷாக்கா கால் நடுவுல தட்டிட்டு, பாக்ஸுக்கு வெளியில இருந்தே வளைச்சு விட்டார். 75ல கவுன்ட்டர், தப்சோபாவை ஏமாத்தி இடது கால்ல மேல் மூலை. உபரி ஆள் இல்லாம காக்குறதோட கூலி இதுதான் மக்களே: பந்தைப் பறிச்ச அந்த நொடில எதிராளி டிஃபென்ஸும் உங்க ஃபார்வர்டும் ஒண்ணுக்கு ஒண்ணுதான் நிப்பாங்க.

இதையெல்லாம் கேப்டன் டி ரூன் இல்லாம செஞ்சாங்க. ஒரு வாரம் முன்னாடி யுவென்டஸ்கிட்ட 1-0 தோத்த இத்தாலியக் கோப்பை ஃபைனல்ல அவருக்குக் காயம். ஆனாலும் திட்டம் மாறல, ஆள்தான் மாறுனார்.

பொறுமையைப் பத்தியும் சொல்லணும். 2011ல இன்டர் மிலன் இவரை அஞ்சே மேட்ச்ல அனுப்பிடுச்சு. 2016ல அட்டலாண்டாவுக்கு வந்தப்பவும் முதல் அஞ்சு லீக் மேட்ச்ல நாலு தோல்வி. ஓனர் அன்டோனியோ பெர்கஸ்ஸி கைவிடல. கால்டாரா, கான்டி, கால்யார்டினி, கெஸ்ஸியேன்னு இளம் பசங்களை இறக்கி, அந்த சீசனை 72 பாயின்ட்டோட நாலாவதா முடிச்சார். டப்ளின்ல அவர் தூக்குனதுதான் கோச்சா அவரோட முதல் பெரிய கோப்பை, 66 வயசுல.

அந்த மேட்சை மறுபடி பார்க்கிறவங்க ஒரு பத்து நிமிஷம் பந்தை விட்டுட்டு அட்டலாண்டா டிஃபெண்டருங்க டிம்சிட்டியையும் ஹியெனையும் மட்டும் பாருங்க. அவங்க எவ்வளவு தூரம் மேல வர்றாங்க, எப்ப நிறுத்துறாங்கன்னு கவனிச்சு கமென்ட்ல எழுதுங்க.