தூக்குவாளியும் பார்சல் கவுண்டரும்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், நான் சிறுமியாக இருந்தபோது என் கையில் தூக்குவாளியைக் கொடுத்து ஓட்டலுக்கு அனுப்புவார்கள். இட்லி வாழை இலையில், சாம்பார் வாளியில். வாளி காலில் பட்டால் சுடும். கையைத் தள்ளிப் பிடித்தபடியே வீடு வரை நடப்பேன்.

போன மாதம் அதே மாதிரி ஓர் எவர்சில்வர் தூக்கோடு தெருமுனை ஓட்டலுக்குப் போனேன். "சாம்பாரை இதில ஊத்துங்க தம்பி" என்றேன். அவர் மறுக்கவில்லை. ஏற்கெனவே கட்டி அடுக்கியிருந்த சாம்பார் பைகளில் இரண்டை எடுத்தார். நூலைப் பிரித்தார். என் தூக்கில் ஊற்றினார். காலிப் பைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டார். நான் தூக்குக் கொண்டுபோயும் இரண்டு பை குப்பைக்குத்தான் போனது!

"அண்டாவுல இருந்து நேரா ஊத்தலாமே தம்பி?"

"பைக்கு ஒரு அளவு இருக்கும்மா. தூக்குல ஊத்தினா கூடக்குறையப் போயிடும். முதலாளி திட்டுவாரு."

அவர் சொன்னது நியாயம். அளவுதான் சிக்கல். அதற்கு வேண்டியது, பால்காரர் கையில் இருக்குமே, அந்த மாதிரி ஓர் அளவுக் குவளை. வீட்டுக்கு வீடு பாத்திரம் வேறுதான், ஆனாலும் பால்காரருக்கு அளவு தப்புவதில்லை. பிரியாணி என்றால் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, அந்த எடையைக் கழித்துக்கொள்ளலாம். மறுபடியும் சொல்கிறேன், அளவுக்கு வழி செய்துவிட்டால் பாதிக் கடைகள் பாத்திரத்தில் ஊற்றத் தயங்காது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் அதில் உண்டு. 2021 டிசம்பரில், துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. நல்ல திட்டம். ஆனால் அந்த மஞ்சப்பைக்குள் என்ன இருக்கிறது? கொதிக்கக் கொதிக்கக் கட்டிய சாம்பார் ஒரு பிளாஸ்டிக் பையில், சட்னி இன்னொன்றில். காய்ச்சல்காரருக்கும் குழந்தைக்கும் அந்தச் சூட்டோடு அதைத்தான் ஊற்றிக் கொடுக்கிறோம். எனக்கு மனசு ஆறவில்லை.

சுத்தம் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. அழுக்குப் பாத்திரத்தில் கரண்டி பட்டால் அண்டா சாம்பாரே கெட்டுப்போகும் என்று ஓட்டல்காரர்கள் பயப்படுகிறார்கள். அவர்கள் கரண்டி படாமல் உயர்த்தி ஊற்றட்டும். நாம் கழுவித் துடைத்த, வாய் அகன்ற பாத்திரமாகக் கொண்டுபோவோம். மூடி இறுகுகிறதா என்று வீட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.