கோழி மாட்டும் அறையின் வெளிச்சம்

நேயர்களே, வணக்கம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் மனிதருக்கே மூச்சு முட்டுகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பியே இல்லை; வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கந்தளாயிலோ தம்பலகாமத்திலோ லொறியில் ஏற்றிய கோழி, அறுக்கும் ஆலைக்கு வந்து சேரும்போதே களைத்திருக்கும். கால்நடை வைத்தியராக நான் பேச விரும்புவது அதற்கடுத்த சில நிமிடங்களைப் பற்றி.

கோழியைக் கூட்டிலிருந்து எடுத்து, இரு கால்களையும் நகரும் கொக்கியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுகிற அறை அது. மங்கிய நீல வெளிச்சத்தில் கோழி அடங்கியிருக்கும். மாட்டுகிறவருக்கோ கண் வலிக்கும், நல்ல வெளிச்சம் கேட்பார். அவர் கேட்பது நியாயம். ஆனால் வெளிச்சம் கூடினால் கோழி சிறகடிக்கும்; சிறகு முறியும். பறக்கும் தூசியும் எச்சமும் நேரே அவர் மூச்சுக்குள்தான் போகும். எனவே கொக்கிப் பக்கம் நீல விளக்கை விட்டு, நடைபாதைக்கும் படிக்கும் தனி விளக்குப் போடலாம். தூசியை அவர் முகத்துக்கு எதிர்ப்பக்கமாக உறிஞ்சும் விசிறி வேண்டும். கொக்கி வரிசை நெடுக, நெஞ்சு உரசிச் செல்லும்படி வழுவழுப்பான பலகை பொருத்தினால் தொங்கும் கோழி அமைதியாகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் கொக்கி நகரும் வேகம். அவசரப்படுத்தினால் ஒற்றைக் காலைப் பிடித்து இழுப்பார்கள். கோழியின் மூட்டு விலகும். மாட்டுகிறவரின் மணிக்கட்டு வீங்கும். உணர்வுள்ள கோழி கொக்கியில் 1 நிமிடத்துக்கு மேல் தொங்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

வாயுவால் மயக்கிய பிறகு மாட்டும் ஆலைகளும் வெளிநாடுகளில் உண்டு. அங்கே முழு வெளிச்சத்தில் வேலை செய்யலாம். ஆனால் அதற்குச் செலவு அதிகம். ஹலால் அறுப்புக்குப் பலர் அதை ஏற்பதுமில்லை. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இறைச்சி கொடுக்கும் இடங்களில் உயிருள்ள கோழியை மாட்டும் வேலை தொடரத்தான் போகிறது.

நம் நாட்டில் விலங்குவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. தொழிலாளியைக் காக்கும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இல் வந்தது. இரண்டும் தனித்தனியே கிடக்கின்றன. ஆலைக்குப் போகும் தொழில் திணைக்கள அதிகாரியும் கால்நடை வைத்தியரும் ஒரே நாளில், ஒரே அறையில், வேலை நடக்கும்போது நின்று பார்க்க வேண்டும். கொக்கியின் வேகத்தை அந்த இருவரும் மாட்டுகிறவரிடம் கேட்டுத் தீர்மானிக்கட்டும்.