லாச்சிக்குள் போன கண்ணாடி

வணக்கம். என் தோசைக் கடைக்கு வாரம் இரண்டு தடவை வரும் ஓர் அக்கா இருக்கிறார். வரிசையில் நின்று என் முன்னால் வந்ததும், "தங்கச்சி, பலகையில் இன்று என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லும்மா" என்பார். கண்ணாடி இல்லையா அக்கா என்று ஒருநாள் கேட்டேன். கைப்பையைத் தட்டிக் காட்டினார். உள்ளேதான் இருக்கிறது, 400 வெள்ளிக்கு மேல் கொடுத்துச் செய்தது, போட்டால் தலை சுற்றுகிறது, படி இறங்கப் பயமாக இருக்கிறது, மூன்று நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கூட்டுக்குள் வைத்துவிட்டேன் என்றார். வீட்டு லாச்சியில் இதே மாதிரி இன்னொன்று கிடக்கிறதாம்.

அந்த அக்காவை நினைத்துக்கொண்டுதான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். நான் கண் மருத்துவம் படித்தவள் இல்லை. ஒன்பது வயதில் கண்ணாடி போட ஆரம்பித்தேன், இப்போது 47 வயது, இரண்டு கண்ணிலும் 550 டிகிரி. மற்ற நாடுகளில் மைனஸ் ஐந்தரை என்பார்கள், நாம் இங்கே டிகிரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நம் சிங்கப்பூரில் ஆரம்பப்பள்ளியை முடிக்கும் வயதிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ 65 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை இருக்கிறது என்கிறார்கள், அதனால் கண்ணாடி இங்கே யாருக்கும் புதிதில்லை. நாற்பது தாண்டினால் வருகிற இரண்டாவது மாற்றம்தான் எல்லாரையும் தடுமாற வைக்கிறது.

அதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். எனக்குப் பிடித்த சொல் அது, எழுத்து வெளுத்துப் போய்த் தெரிவதை அப்படியே சொல்கிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் மிருதுவாக இருக்கும், பக்கத்தில் பார்க்கும்போது உருண்டு கொடுக்கும், வயதாக ஆக இறுகிப்போய் அந்த வேலையைச் செய்ய மறுக்கும். நோய் என்று பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் வருவது. கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றினால் பக்கத்தில் படிக்கலாம், அது உண்மைதான், ஆனால் 550 டிகிரிக்குக் கழற்றினால் 18 சென்டிமீட்டர் தூரத்தில்தான் தெளிவு, அதாவது போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து படிக்க வேண்டும். 300 டிகிரிக்காரருக்கு அதுவே 33 சென்டிமீட்டர், வசதியாகப் புத்தகம் பிடிக்கிற தூரம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், லேசரைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

என் அப்பா கோடு போட்ட கண்ணாடி போட்டிருந்தார், கீழ்ப்பக்கம் பிறை மாதிரி ஒரு துண்டு இருக்கும், அதன் வழியாகத் தமிழ் முரசு படிப்பார். இப்போது பெரும்பாலும் புரோகிரெசிவ்தான், 1959ல் பிரான்சில் முதலில் விற்பனைக்கு வந்தது. மேலே தூரம், நடுவில் கை எட்டும் தூரம், கீழே படிக்கும் தூரம், கோடு கிடையாது. ஆனால் கோடு இல்லாமல் பவர் மாறிக்கொண்டே போவதற்கு ஒரு விலை இருக்கிறது. தெளிவாகத் தெரிவது நடுவில் இறங்கும் ஒரு குறுகிய சந்து மட்டும்தான், இரண்டு பக்கமும் கொஞ்சம் நெளியும். லென்ஸ் அப்படித்தான் செய்யப்படுகிறது, எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்த நெளிவு குறையும், போகாது. இதைக் கடையில் ஒருவர் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

முதல் நாள் எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் புளோக்கில் மின்தூக்கிக்கு முன்னால் நான்கு படிகள் இருக்கின்றன, இருபது வருடமாக இறங்குகிற படிகள். அன்று கீழே பார்த்தால் கடைசிப் படி எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை, தரை மேலே மிதந்து வருவது போல இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். காரணம் சாதாரணமானதுதான்: கண்ணை மட்டும் தாழ்த்தினால் லென்ஸின் அடிப்பகுதி வழியாகப் பார்க்கிறோம், அந்தப் பகுதி 40 சென்டிமீட்டரில் இருக்கும் எழுத்துக்காகச் செய்தது, தரையோ ஒன்றரை மீட்டருக்கும் கீழே இருக்கிறது. படியில் மோவாயைத் தாழ்த்திப் பாருங்கள், அப்போது லென்ஸின் மேல்பகுதி வழியாகத் தரை தெரியும். படிக்கும்போது இதற்கு நேர்மாறு, தலையை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் தாழ்த்துங்கள். பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் ஓரக்கண்ணால் பார்க்காமல் மூக்கை அந்தப் பக்கம் திருப்புங்கள். இவ்வளவுதான், ஆனால் நாற்பது வருடப் பழக்கத்தைக் கழுத்து மறக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். காலையில் எழுந்தவுடன் போட்டு இரவு வரை கழற்றாமல் இருந்தால் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் மூளை ஏற்றுக்கொள்கிறது. இடையிடையே பழைய கண்ணாடிக்குப் போய்ப் போய் வந்தால் ஒவ்வொரு தடவையும் முதல் நாளில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அக்கா செய்த தவறு இதுதான் என்று நினைக்கிறேன். பழகும் வரை வண்டி ஓட்டாதீர்கள், மின்படிக்கட்டில் கைப்பிடியை விடாதீர்கள்.

சரி, இரண்டு வாரம் ஆகியும் பழகவில்லை என்றால்? எனக்கு அதுதான் நடந்தது. பதினேழாவது நாளும் போனில் செய்தி படிக்க மோவாயை அண்ணாந்து தூக்க வேண்டியிருந்தது, சாயங்காலத்தில் பிடரி வலித்தது. கடைக்குப் போய்ச் சொன்னேன். பழகிவிடும் ஆண்டி என்று அனுப்பினார்கள். மறுபடியும் போனேன், அதே பதில். மூன்றாவது தடவை அங்கே வயதான ஒருவர் இருந்தார், அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியை என் முகத்தில் மாட்டி, தனக்கு நேராக நிற்கச் சொல்லி, மெல்லிய பேனாவால் இரண்டு லென்ஸிலும் என் கண்மணி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு கழற்றி அட்டையில் வைத்துப் பார்த்தார். லென்ஸின் குறி என் கண்மணிப் புள்ளிக்கு நான்கு மில்லிமீட்டர் கீழே இருந்தது. முதலில் அளவு எடுத்தபோது மூக்குத் தாங்கியைச் சரிசெய்யாமலேயே எடுத்திருக்கிறார்கள், நம்மில் பலருக்கு மூக்குத் தண்டு தாழ்வு, ஃபிரேம் மேலே நிற்கும்போது புள்ளி வைத்துவிட்டார்கள், போட்டு நடமாடும்போது அது வழுக்கி இறங்கிவிட்டது. பவர் சரியாகத்தான் இருந்தது, இடம்தான் தவறு. லென்ஸை மாற்றிக் கொடுத்தார்கள், இரண்டே நாளில் கழுத்து வலி போய்விட்டது.

அதனால்தான் சொல்கிறேன், கூட்டுக்குள் வைப்பதற்கு முன்னால் திரும்பப் போய் நில்லுங்கள். புள்ளி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள், கேட்பதில் வெட்கம் எதற்கு?

வழுக்குவதைப் பற்றி இன்னொன்று. நம் ஊர் வெக்கையில் மூக்கு வியர்த்துக் கண்ணாடி இறங்கிக்கொண்டே இருக்கும். அதிக டிகிரி மைனஸ் லென்ஸ் கண்ணைவிட்டு விலகினால் அதன் பலம் குறைகிறது, அதாவது மூக்கு நுனியில் நிற்கும் 550 டிகிரி உங்களுக்கு 550ஆக வேலை செய்வதில்லை. மாதம் ஒருமுறை கடையில் கொடுத்துக் காதுப்பக்கம் வளைத்து வாங்குங்கள், பெரும்பாலும் காசு கேட்பதில்லை. துடைக்கும்போது முதலில் குழாய்த் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, அப்புறம்தான் துணி. நான் முன்பெல்லாம் ஏப்ரன் நுனியில் துடைப்பேன், அதில் ஒட்டியிருக்கும் ரவையும் உப்பும் கீறிவிடும். சூடும் ஆகாது. தோசைக்கல்லுக்கு மேலே குனிந்து குனிந்து என் ஒரு ஜோடியின் மேல்பூச்சு வெடித்து, வெயிலில் பிடித்தால் சிலந்திவலை மாதிரி தெரிந்தது, பவர் ஏறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

இப்போது கடைக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். புரோகிரெசிவ் இல்லை, தூரப் பவரில் 100 டிகிரி குறைத்துச் செய்த சாதாரண லென்ஸ், 450. ஒரு மீட்டர் வரைக்கும் எல்லாம் தெளிவு: கல், சட்னிப் பாத்திரம், காசுப் பெட்டி, முன்னால் நிற்பவர் முகம். அதைத் தாண்டி மங்கல், கடைக்குள் அது எனக்குத் தேவையும் இல்லை. எனக்குத் தெரிந்து இதைப் பலரும் கேட்பதே இல்லை. உங்கள் வேலை எந்தத் தூரத்தில் நடக்கிறது என்று வீட்டிலேயே நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள், கணினி 60 சென்டிமீட்டர், தையல் மெஷின் 40 என்று, அதை வைத்துத்தான் கண்ணைப் பரிசோதித்துப் பவர் எழுதித்தரும் நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் பேச ஆரம்பிப்பார்.

கண்ணாடியே வேண்டாம் என்பவர்களுக்கு வருகிறேன். கான்டாக்ட் லென்ஸ் நான் பத்து வருடம் போட்டேன், கல்யாணத்தில் இருந்து கடை ஆரம்பித்தது வரை. நல்ல பொருள்தான், ஓரப்பார்வை முழுதாகத் தெரியும், ஆவியில் மூடாது. ஆனால் பச்சை மிளகாய் நறுக்கிய கை என்ன கழுவினாலும் மிளகாய்க் கைதான், ஓர் இரவு லென்ஸைக் கழற்றப் போய்க் கண் எரிந்த எரிச்சலில் அரைமணி நேரம் தண்ணீர்க் குழாயடியில் நின்றேன், மறுநாளோடு நிறுத்திவிட்டேன். போடுகிறவர்கள் இரண்டைக் கண்டிப்பாகப் பாருங்கள். அதை மாட்டிக்கொண்டு தூங்க வேண்டாம், தண்ணீர் பட வேண்டாம், குளிப்பதும் நீச்சலும் சேர்த்துத்தான். 2005, 2006ல் நம் ஊரிலேயே லென்ஸ் போட்டவர்கள் பலருக்குக் கண்ணில் பூஞ்சைத் தொற்று வந்தது, லென்ஸ் கழுவும் ஒரு திரவத்தோடு தொடர்பு தெரிந்து அதன் விற்பனையை நிறுத்தினார்கள். கருவிழிப் புண் தழும்பாகிவிட்டால் பார்வை பழையபடி வராது. தினமும் வீசிவிடுகிற வகை இதில் பாதுகாப்பானது. கண் சிவந்து வலித்தால் கழற்றிவிட்டு அன்றே போய்க் காட்டுங்கள்.

அப்புறம் லேசர். என் மகன் தேசிய சேவையை முடித்த கையோடு இதைத்தான் கேட்டான். லாசிக்கில் கருவிழியின் மேலே மெல்லிய மூடி மாதிரி வெட்டித் தூக்கி, உள்ளே லேசரால் செதுக்கி மூடுகிறார்கள். ஸ்மைல் என்கிற முறையில் சின்னக் கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு துண்டை எடுக்கிறார்கள். கருவிழியின் நடுப்பகுதி மொத்தமே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான், டிகிரி கூடக் கூடச் செதுக்கவேண்டியதும் கூடும், அதனால்தான் தடிப்பு போதாதவர்களுக்கு முடியாது என்கிறார்கள். மகனுக்கு ஒரே வருடத்தில் 375ல் இருந்து 450 ஆகியிருந்தது. டிகிரி ஒரு வருடம் நிலையாக நிற்கட்டும், பிறகு வா என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். அவன் முகம் வாடிப்போனது. எனக்கு அந்த மருத்துவரைப் பிடித்துப்போனது.

எனக்கும் ஆசை இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் முன்னால் சொன்ன கணக்கு இங்கேதான் வருகிறது. லேசர் என் தூரத்தைச் சரிசெய்யும், வெள்ளெழுத்தை ஒன்றும் செய்யாது. இன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றினால் ஊசித் துவாரமும் மருந்துச் சீட்டின் பொடி எழுத்தும் எனக்குத் துல்லியமாகத் தெரிகிறது, அதை இழந்துவிட்டுப் படிக்கும் கண்ணாடி வாங்க வேண்டியிருக்கும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் ஒரு கண்ணைப் பக்கத்துக்கும் வைக்கிற முறையும் உண்டு, அதற்கு முன்னால் சில நாள் கான்டாக்ட் லென்ஸில் அப்படிப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள், அவசியம் பாருங்கள், சிலருக்கு ஒத்துவரும், சிலருக்குச் சுத்தமாக ஆகாது. லேசருக்குப் பிறகு கண் வறட்சியும் இரவில் விளக்கைச் சுற்றி வட்டமும் சில மாதம் இருக்கும், சிலருக்கு நீடிக்கும். இரவு வண்டி ஓட்டுபவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருகிற ஒன்று இருக்கிறது. லேசர் செய்தவர்கள் பலர், எனக்குக் கிட்டப்பார்வை போய்விட்டது என்று பரிசோதனையையே நிறுத்திவிடுகிறார்கள். கருவிழியின் முன்பக்கம்தான் மாறியிருக்கிறது. கிட்டப்பார்வையில் பின்பக்கமாக நீண்டுபோன கண் நீண்டபடியேதான் இருக்கும், பின்னால் விழித்திரை இழுபட்டு மெலிந்தபடியே இருக்கும். திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டினால், கறுப்புப் புள்ளிகள் கூட்டமாகப் பறந்தால், ஓரத்தில் திரை இறங்குவது போல இருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பலதுறை மருந்தகத்தில் விழித்திரைப் படம் எடுக்கச் சொல்லும்போது தட்டிக்கழிக்காதீர்கள், புதுக் கண்ணாடி எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அந்தப் படத்தில் தெரிவது வேறு.

அந்த அக்காவை மூன்று வாரத்துக்கு முன்னால் ஓய்வு நாளில் நானே கையோடு கூட்டிக்கொண்டு போனேன், கண்ணாடி செய்த இடத்துக்கே. புள்ளி வைத்துப் பார்த்தார்கள். அவருடையது சரியான இடத்தில்தான் இருந்தது, படிக்கும் பவர் மட்டும் கொஞ்சம் அதிகம். லென்ஸ் மாற்ற எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை வந்துவிடுமாம். சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுப் படியில் இருந்து தேக்கா சந்தை வரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம், மோவாயைத் தாழ்த்து, மூக்கைத் திருப்பு என்று நான் சொல்லிக்கொண்டே வரவேண்டும் என்பது அவருடைய கட்டளை.

நன்றி, வணக்கம்.