விமானத்தில் உங்களுக்கு இடம் உண்டா?

(சென்னை ராயபுரத்தில் நர்சிங் மாணவியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ராயபுரத்துக்காரர்களுக்கு மிஷன் ஆஸ்பத்திரி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரெய்னி ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் இந்த அரங்கிலேயே சிலர் இருப்பீர்கள். வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு ஆஸ்பத்திரி தொடங்கியபோது, அமெரிக்காவில் காணிக்கை போட்டவர்களுக்கு அது எங்கோ தூர தேசத்து தர்ம ஆஸ்பத்திரி. இப்போது நம் பெண்கள் அப்படிப்பட்ட தூர தேசங்களுக்குப் போகிறார்கள். 2016 மார்ச்சில் ஏமனின் ஏடன் நகர முதியோர் இல்லத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட அன்னை தெரசா சபைச் சகோதரிகள் நான்கு பேரில் ஒருவர் நம் நாட்டவர். அதனால்தான் தூர தேசத்து மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்று வந்தேன்.

அதே ஏமனில் ஜிப்லா என்ற ஊரில் பாப்டிஸ்ட் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 40,000 நோயாளிகள். மார்த்தா மையர்ஸ் என்ற மருத்துவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மலைநாட்டுப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 2002 டிசம்பர் 30 காலையில் ஒருவன் துப்பாக்கியைக் கோட்டுக்குள் மறைத்து, கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு வருபவனைப் போல உள்ளே நுழைந்தான். பிள்ளையோடு வருகிறவரை எந்த வாட்ச்மேன் தடுப்பார்? மார்த்தாவும் இன்னும் இரண்டு பேரும் அங்கேயே இறந்தார்கள். வருகிறவர் யாரானாலும் கதவைத் திறப்பதுதான் இந்த ஆஸ்பத்திரிகளின் உயிர். ஆபத்து வருவதும் அந்தக் கதவு வழியாகத்தான்.

ஊர் மக்களின் அன்பே பெரிய காவல் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது மட்டும் போதாது. மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா ஃபாசோவின் ஜிபோ ஊரில் 1972 முதல் அறுவைசிகிச்சை செய்துவந்த ஆஸ்திரேலிய மருத்துவர் கென் எலியட்டை 2016-இல் மனைவியோடு கடத்தினார்கள். அவரை விடச் சொல்லி ஊரே தெருவில் இறங்கியது. மனைவியைச் சில வாரங்களில் விட்டார்கள். டாக்டர் வெளியே வந்தது 2023-இல், 88 வயதில்.

சரி, துப்பாக்கி இல்லாத ஊர் என்றால் பயமில்லையா? 2014-இல் லைபீரியாவின் மன்ரோவியாவைப் பாருங்கள். அங்கே புனித சூசையப்பர் கத்தோலிக்க ஆஸ்பத்திரிக்குள் எபோலா என்ற கொடிய தொற்றுநோய் புகுந்தது. ஸ்பெயின் அரசு விமானம் அனுப்பியது. ஸ்பெயின் பாதிரியார் ஒருவரும், ஸ்பெயின் குடியுரிமை பெற்ற ஒரு சகோதரியும் அதில் ஏறினார்கள். அதே ஆஸ்பத்திரியில் அதே நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்த காங்கோ நாட்டுச் சகோதரி சாந்தால் பாஸ்கலினுக்கு இடமில்லை. இரண்டு நாளில் அங்கேயே இறந்தார். இன்னொரு சகோதரி, எக்குவடோரியல் கினியாவைச் சேர்ந்த பசியென்சியா, அவருக்கும் இடமில்லை. அவர் எப்படியோ பிழைத்தார். அப்புறம் தன் இரத்தத்தில் உருவாகியிருந்த, அந்த நோயை எதிர்க்கும் பொருள்களை ஸ்பெயின் நோயாளிகளுக்குத் தர மாட்ரிட் போனார். எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது.

இதற்கு அந்த விமானத்தை அனுப்பியவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தன் குடிமக்களைக் காப்பாற்ற எந்த அரசும் முந்தும். ஆனால் சபையும் ஆஸ்பத்திரி நிர்வாகமும் பாஸ்போர்ட் பார்க்கக் கூடாது. ஒரே வார்டில் நின்றவர்களுக்கு ஒரே பாதுகாப்பு வேண்டும். தியாகம், ஊழியம் என்று மேடையில் நாம் சொல்வது இந்தப் பொறுப்பிலிருந்து நிர்வாகத்தை விடுவித்துவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் கோடி ரூபாய் தேவையில்லை. சூடானின் நூபா மலையில், டாக்டர் டாம் கட்டீனா நடத்தும் கிடெல் ஆஸ்பத்திரி வளாகத்தில் ஆள் இறங்கிப் படுக்கும் அளவுக்குக் குழிகள் வெட்டி வைத்தார்கள். குண்டு போடும் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் நர்ஸ், நோயாளி, துணைக்கு வந்தவர் எல்லோரும் அதற்குள் ஓடுவார்கள். 2014 மே மாதம் குண்டுகள் அந்த வளாகத்திலேயே விழுந்தன. வரப்போவதை முன்கூட்டியே யோசித்தவர்கள் வெட்டிய குழிகள் அவை.

பிள்ளைகளே, போங்கள். அங்கே உங்கள் கைகளுக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்மையிலேயே காத்திருக்கிறார்கள். போவதற்கு முன் அனுப்புகிறவர்களிடம் கேளுங்கள்: கலவரமோ நோயோ வந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரியை யார் வெளியே கொண்டுவருவார்கள்? எந்த நிலையில் கிளம்பலாம் என்று முடிவெடுப்பது யார்? காப்பீடு யார் பெயரில்? பயத்தில் கேட்பதாக நினைக்கட்டும், பரவாயில்லை. பதிலை எழுத்தில் வாங்குங்கள், ஒரு பிரதியை அம்மா அப்பாவிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.