காதுக்கு வயது 54, விரல்களுக்கு 2

அனைவருக்கும் மாலை வணக்கம்.

ஓவியம், பாட்டு, பின்னல் என்று புதிதாக எதையாவது கற்க ஆரம்பித்திருக்கும் பெரியவர்களோடு பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். நான் கலைஞர் இல்லை. 52 வயதில் வீணை வகுப்பில் சேர்ந்தவள். இப்போது 54. இந்த 2 வருடங்களில் எனக்கு நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் மாதம் முழுக்க விரல் வலி. இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி கோடு போட்டுவிடும். பாத்திரம் தேய்க்கும்போது எரியும். அது பெரிதில்லை. நான் எழுப்பிய சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்து வானொலியில் வீணை கேட்டு வளர்ந்தவள் நான். நல்ல நாதம் எது என்று என் காதுக்குத் தெரியும். விரல்களோ அன்றைக்குத்தான் பிறந்தவை. குழந்தைக்குக் காதும் விரலும் சேர்ந்தே வளர்கின்றன, அதனால் தன் சத்தம் அதற்குக் கசப்பதில்லை. நமக்குக் கசக்கிறது, ஏனென்றால் ரசனை பல வருடம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. வயதான பிறகு கற்பவர்கள் பாதியில் விடுவதற்கு முக்கியக் காரணம் இந்தக் கசப்புதான் என்று நான் நம்புகிறேன்.

இந்தத் திணறலை நமக்கு முன்னால் ஒருவர் யோசித்திருக்கிறார். கர்நாடக இசையின் தொடக்கப் பாடங்களை வகுத்தவர் என்று 16ஆம் நூற்றாண்டின் புரந்தரதாசரைச் சொல்கிறோம். அவற்றில் முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கிறது. ஏன் இந்த ராகம்? வீணை முன்னால் உட்கார்ந்த பிறகு என் கைக்கு ஒரு காரணம் புரிந்தது. முதல் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் ச. தந்திக்கு அடியில் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகக் கம்பிகள்தான் மெட்டுகள். 1ஆம் மெட்டில் ரி, 4இல் க, 5இல் ம. அப்புறம் 7ஆம் மெட்டில் ப. அங்கிருந்து எண்ணிப் பாருங்கள்: 8இல் த, 11இல் நி, 12இல் மேல் ச. ஒரு மெட்டு, மூன்று மெட்டு, ஒரு மெட்டு. கீழே போட்ட அதே கணக்கு மேலேயும் வருகிறது. மேலே போகப் போக மெட்டுகள் கொஞ்சம் நெருங்கும், அவ்வளவுதான். கீழ்ப் பாதி கைக்கு வந்தால் மேல் பாதி பாதியளவு வந்த மாதிரி. கற்பவள் தடுமாறுவாள் என்று தெரிந்தே அடுக்கிய பாடம் இது. அது தெரிந்த நாளில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் அவசரம் விடவில்லை. ஒவ்வொரு வரிசையையும் மூன்று காலங்களில், அதாவது மெதுவாகத் தொடங்கி மூன்று வேகங்களில், வாசிக்க வேண்டும். நான் மூன்றாம் காலத்துக்கே ஓடுவேன். வேகத்தில் பிசிறுகள் மறைந்துவிடும் இல்லையா? என் டீச்சர் என்னைவிட ரொம்பச் சின்னவர். "அக்கா, முதல் காலத்துக்கு வாங்க" என்பார். மெதுவாக வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரத்தின் குறையும் தனித்தனியாகக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

ஏன் அவ்வளவு கஷ்டம் என்று யோசித்தபோது ஒரு பழைய குரல் ஞாபகம் வந்தது. பள்ளியில் சேர்ந்து பாடும்போது ஓர் ஆசிரியை என்னிடம், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்றார். அப்போது எனக்குப் பத்து வயது. நாற்பது வருடம் கழித்தும் ஒவ்வொரு அபஸ்வரத்துக்கும் என்னை அதட்டியது அந்தக் குரல்தான். உங்களில் பலருக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கும். அது யாருடையது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

சித்திரமும் கைப்பழக்கம் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அதே பாட்டு தயையைப் பழக்கத்தில் சேர்க்காமல் பிறவிக் குணம் என்கிறது. அடுத்தவர் மேல் வரும் தயை அப்படி இருக்கலாம். தன் மேல் வைக்கும் தயையை நான் சரளி வரிசை போலத்தான் பழக வேண்டியிருந்தது. தப்பான ஸ்வரம் விழுந்தால் "சே" என்று சொல்லாமல் மறுபடி ச-வுக்குப் போவது. வாசிக்காமல் விட்ட நாட்களை எண்ணாமல் இருப்பது. தினம் 20 நிமிடம், அதற்கு மேல் ஆசைப்படாமல் எழுந்துவிடுவது. பழகியதைத் தூக்கத்திலும் மூளை உறுதிப்படுத்துகிறது, அதற்கும் நேரம் விட வேண்டும். மாதம் ஒருமுறை செல்போனில் பதிவு செய்கிறேன். உடனே கேட்க மாட்டேன், ஆறு மாதம் கழித்துக் கேட்பேன். அன்றன்று கேட்டால் மனசு உடைந்துவிடும்.

இந்த வாரம் என் வீட்டில் வீணை இல்லை. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. வெயிலில் மெழுகு இளகும், மெட்டு நகரும், சுருதி விலகும். அப்போது மெழுகைப் புதிதாக வார்த்து, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் மறுபடி உட்கார வைப்பார்கள். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். எவ்வளவு பெரிய வித்வானின் வீணையானாலும் இது உண்டு. வேலை செய்பவரின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே மெட்டை நாலைந்து முறை நகர்த்தினார். முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை.

நாளைக்கு வீணை வந்துவிடும். அடுத்த பாடமான ஜண்டை வரிசை காத்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.