சுருட்டின் மணத்தை மூக்குக்குப் பழக்குவது

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுருட்டு என்றதும் பலருக்கு ஒரே ஒரு வாசம்தான் நினைவுக்கு வரும். தொண்டையைப் பிடிக்கிற, சட்டையில் ஒட்டிக்கொண்டு லேசில் போகாத அந்தக் காரல் நெடி. ஆனால் சுருட்டை ரசித்துப் பேசுகிறவர்களைக் கேட்டால் கோகோ, மிளகு, தோல், ஈரமண், வறுத்த முந்திரி, உலர்ந்த திராட்சை என்று வரிசையாகச் சொல்வார்கள். இதெல்லாம் விற்பதற்காகக் கட்டிவிட்ட கதை என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்தில் புகையிலை வாங்கித் தரம் பிரிக்கிற தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வாசங்கள் கதை இல்லை, இலைக்குள் இருக்கின்றன. பழகினால் யாருக்கும் பிடிபடும். அப்படிப் பழகுவதற்குச் சுருட்டைப் பற்றவைக்கவே தேவையில்லை. அதைத்தான் இன்றைக்கு விரிவாகப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் மூக்கைப் பற்றி. வீட்டில் இருக்கிறவர்கள் இப்போதே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு ஏலக்காயின் விதையைக் கொஞ்சம் சர்க்கரையோடு பொடித்துக்கொள்ளுங்கள். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பொடியை நாக்கில் போடுங்கள். இனிப்பு தெரியும். ஏலக்காய் அநேகமாகத் தெரியாது. இப்போது விரலை எடுத்துவிட்டு மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். சட்டென்று ஏலக்காய் வந்துவிடும். நாக்குக்குத் தெரிந்ததெல்லாம் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி என்று சொல்கிற அந்தச் சாறுச் சுவை. மற்றதெல்லாம் வாயின் பின்பக்கம் வழியாக மூக்குக்கு ஏறிப்போகிற வாசம்தான். வாசத்தைப் பிடிக்கிற ஏற்பிகள் மனிதரிடம் ஏறக்குறைய 400 வகை உண்டு. அமெரிக்க விஞ்ஞானிகள் ரிச்சர்ட் ஆக்செலும் லிண்டா பக்கும் 1991-இல் இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். 2004-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மிளகின் எரிவு, புதினாவின் குளிர்ச்சி, வெங்காயத்தின் காட்டம். இவை சுவையும் இல்லை, வாசமும் இல்லை. முகத்தில் ஓடுகிற ஒரு தனி நரம்பு உணர்கிற உறுத்தல். சுருட்டில் மிளகு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுதான். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, “எனக்கு எரிச்சல்தான் தெரிகிறது, வேறெதுவும் தெரியவில்லை” என்பார்கள். எரிச்சல் முன்னால் வந்து நின்று மற்றதை மறைத்துவிடும். அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடத் தெரிந்துவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி.

சரி, இலைக்குள் கோகோவும் தோலும் எப்படி வந்தன? யாரும் கொண்டுவந்து கலப்பதில்லை. வயலில் நிற்கிற பச்சைப் புகையிலையைக் கிள்ளி முகர்ந்தால் இந்த வாசம் ஒன்றுமே இருக்காது. பசுந்தழை வாசம் இருக்கும், கையில் பிசின் ஒட்டும், அவ்வளவுதான். பறித்த இலையைக் காற்றோட்டமான கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டு ஒன்றரை, இரண்டு மாதம் உலர விடுவார்கள். இலை உடனே செத்துவிடாது. பச்சை போய் மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகிற அந்த நாட்களில் தன்னிடம் இருந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையையும் தானே தின்று தீர்த்துவிடும். சிகரெட் இலையைச் சூளையில் வெப்பம் கொடுத்துச் சில நாட்களில் காயவைத்துவிடுவதால் சர்க்கரை அதிலேயே தங்கிவிடுகிறது. சிகரெட்டுக்கும் சுருட்டுக்கும் மணம் வேறுபடுவது இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது அம்பாரம். உலர்ந்த இலையைப் பதமாக்கி, கட்டுக்கட்டாக அடுக்கி, மூடி வைப்பார்கள். இதைத்தான் பாடம் போடுவது என்கிறோம். அடுக்கின் நடுவில் சூடு தானாக ஏறும். 40, 50 டிகிரி செல்சியஸ் வரை கூடப் போகும். அளவு மீறுவதற்குள் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்க வேண்டும். அம்பாரம் பிரிக்கிற நேரத்தில் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அது அம்மோனியா. மாட்டுத் தொழுவத்தில் கோமியம் ஊறிய இடத்தில் வருகிற அதே நெடி. அம்பாரத்தைப் புரட்டப் புரட்ட அது குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் கையை உள்ளே விட்டு ஒரு பிடி இலையை எடுத்து முகர்ந்தால் காய்ந்த வைக்கோல், பிறகு கருப்பட்டி, பிறகு பழம் வற்றிய வாசம். அம்பாரம் ‘திரும்பிவிட்டது’ என்று அனுபவசாலிகள் சொல்வது அந்த நேரத்தைத்தான். வெப்பமானியைவிட மூக்கை நம்பி முடிவெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கணக்குத் தப்பி நான் பார்த்ததில்லை.

இதற்கு வேதியியலும் விளக்கம் தருகிறது. இலைக்கு மஞ்சள் நிறம் தந்த கரோட்டினாய்டுகள் உடையும்போது பூவும் பழமும் தேயிலையும் சேர்ந்த மணமுள்ள பொருட்கள் பிறக்கின்றன. ரோஜாவிலும் தேநீரிலும் இருக்கிற டமாஸ்செனோன் அவற்றில் ஒன்று. வறுத்த காபி, கோகோ, வேர்க்கடலை ஆகியவற்றின் வாசத்துக்குக் காரணமான பைரசின்கள் புகையிலையிலும் உண்டு. ஆக, சுருட்டில் கோகோ தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் அவர் உவமை சொல்லவில்லை. கோகோவில் இருக்கிற பொருளையே அங்கேயும் முகர்ந்திருக்கிறார்.

இந்தக் கலையை உச்சிக்குக் கொண்டுபோனது கியூபா. அந்தத் தீவின் மேற்கே பினார் தெல் ரியோ மாகாணத்தில் புவெல்தா அபாஹோ என்ற பகுதி. செம்மண் நிலம். ஒரே செடியின் இலைகளை உயரத்தை வைத்துப் பிரிப்பார்கள். அடியில் இருப்பது வொலாதோ. சுவை குறைவு, நன்றாக எரியும். நடுவில் செக்கோ, மணம் அதில்தான். மேலே லிகேரோ, வெயிலை நேராக வாங்கிக் கனத்த இலை, காட்டம் அதிகம், மெதுவாக எரியும். இந்த மூன்றையும் என்ன விகிதத்தில் உள்ளே வைப்பது என்பதில்தான் ஒரு சுருட்டின் குணம் இருக்கிறது. வானொலியில் பேசுவதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹவானாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் வாசகர் என்று ஒருவர் உண்டு. தொழிலாளர்கள் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, அவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். கை வேலை செய்கிறது, காது கேட்கிறது, மூக்கு இலையில் இருக்கிறது. இவ்வளவு அழகான தொழிற்கூடம் வேறெங்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நம் பக்கமும் சளைத்ததில்லை. திருச்சி உறையூர்ச் சுருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டு ஆலை இருந்தது. யாழ்ப்பாணத்தில் கோடா என்கிற பக்குவச் சாறு போட்ட சுருட்டு. அதில் பக்குவம் சேர்த்த தித்திப்பு மணம் தனியாகத் தெரியும். வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயிகள் அறிந்த ஒரு நுணுக்கமும் உண்டு. சில கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீர் பாய்ந்த இலை வாயில் போட்டு மெல்லுகிற புகையிலைக்கு நன்றாக அமையும். அதே இலையைச் சுருட்டாக்கினால் நெருப்பு நிற்காது, அணைந்து அணைந்து போகும். தண்ணீரில் இருக்கிற குளோரைடு செய்கிற வேலை அது.

இனி, பற்றவைக்காத ஒரு சுருட்டை எப்படி முகர்வது என்று பார்ப்போம். கையில் எடுத்ததும் மேலிலையை, அதாவது வெளியே சுற்றியிருக்கிற இலையை, மூக்கின் அருகே நீளவாக்கில் மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். ஒரே இழுப்பாக உறிஞ்சக் கூடாது. முயல் முகர்வதைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்னதாக, விட்டு விட்டு. மேலிலையில் பெரும்பாலும் வைக்கோல், தொழுவம், தோல் தெரியும். தொழுவம் என்றால் முகம் சுளிக்க வேண்டாம். சுத்தமாக வைத்திருக்கிற தொழுவத்தில் உலர்ந்த தீவனமும் மாட்டின் உடம்புச் சூடும் சேர்ந்து ஒரு வாசம் வரும், அதுதான். அம்மோனியா குத்தினால் மட்டும் பாடம் சரியாக முடியவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் நெருப்பு வைக்கிற முனை. அங்கே உள்ளிலைகள் வெட்டுப்பட்டுத் திறந்திருக்கும். மேலிலையில் கிடைக்காத மணம் இங்கே கிடைக்கும்: காய்ந்த பழம், கோகோ, சில சமயம் கிராம்பு. மர வாசம் தூக்கலாக இருந்தால் கவனம் வேண்டும். அது இலையுடையதாகவும் இருக்கலாம், பெட்டியுடையதாகவும் இருக்கலாம். சுருட்டுப் பெட்டிக்குப் பயன்படுத்துகிற செடார் என்பது உண்மையில் நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு அமெரிக்க மரம். அதன் வாசம் இலையில் நன்றாக ஏறிவிடும். கடைசியாக, மறுமுனையை வெட்டியபின் நெருப்பில்லாமல் வாயில் வைத்துக் காற்றை மட்டும் இழுத்து, மூக்கு வழியாக விடுவார்கள். ஏலக்காய்ப் பொடியில் செய்ததேதான். இந்த இடத்திலேயே ஒரு சுருட்டின் மணத்தில் பெரும்பகுதி தெரிந்துவிடுகிறது.

பற்றவைத்த பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டு இழுத்தால் இலை சூடேறிக் கசப்புத் தட்டும். அதனால் தேர்ந்தவர்கள் நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் போவதில்லை. புகையை நுரையீரலுக்கு அனுப்பாமல் வாயில் நிறுத்தி, அதில் கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக வெளியே விடுவார்கள். எரிய எரியத் தாரும் நிகோடினும் மீதித் துண்டில் சேர்ந்து காட்டம் கூடும். முதல் பகுதியில் இருந்த மெல்லிய மணங்கள் கடைசிப் பகுதியில் அடங்கிவிடும்.

இந்த இடத்தில் ஒளிவு மறைவில்லாமல் பேச வேண்டும். உள்ளே இழுக்காவிட்டால் தீங்கில்லை என்று சுருட்டுப் பிடிப்பவர்கள் சொல்வது தவறு. சுருட்டுப் புகை காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, உள்ளது. அதிலிருக்கிற நிகோடினை வாயின் சவ்வே உறிஞ்சிக்கொள்ளும். வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகிய இடங்களில் புற்றுநோயை அந்தப் புகை உண்டாக்குகிறது. ஆந்திரத்தின் வடக்குக் கடற்கரையில், சுட்டா எனும் சுருட்டின் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கிற பெண்களுக்கு மேலண்ணத்தில் புற்று வருவதை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள். இன்னொன்று, புகைப் பழக்கம் மூக்கையே மழுக்கிவிடும். எந்தப் புலனை வைத்து ரசிக்க வேண்டுமோ அதையே அது தின்றுவிடுகிறது. இலையின் மணத்தை உயிராக நேசிக்கிறவன் நான். நெருப்பு வேண்டாம் என்று சொல்வதும் அதே நேசத்தில்தான்.

பயிற்சிக்கு வருவோம். மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டிகள் சில போதும். ஒன்றில் மிளகு, ஒன்றில் கிராம்பு, ஒன்றில் கருப்பட்டி, ஒன்றில் காபித் தூள், ஒன்றில் கோகோ, ஒன்றில் உலர்ந்த திராட்சை, ஒன்றில் வைக்கோல், ஒன்றில் தோல் செருப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, ஒன்றில் தச்சுப் பட்டறையின் மரத்தூள். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, எது எது என்று சொல்லிப் பாருங்கள். தினமும் கையாளுகிற கிராம்பே கண்ணை மூடினால் உடனே பிடிபடாது. “தெரிந்த வாசம்தான், ஆனால் என்ன என்று வரவில்லை” என்று நிற்போம். விடாமல் செய்தால் இந்தத் தடுமாற்றம் குறையும். ராகம் கேட்டுப் பழகியவருக்கு இரண்டு சங்கதியிலேயே கல்யாணியா, சங்கராபரணமா என்று பிடிபடுகிற மாதிரி, மூக்குக்கும் ஒரு தேர்ச்சி வரும். நடுவில் மூக்கு சலித்துப் போனால் வெறும் காற்றை முகர்ந்தால் போதும். வாசனைத் திரவியக் கடைகளில் இதற்காகக் காபிக் கொட்டை வைத்திருப்பார்கள். அதைவிட வெறும் காற்று ஒன்றும் மட்டமில்லை என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

கண்ணை மூடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரான்ஸின் போர்தோ நகரில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். 2001-இல் வெளிவந்த ஆய்வு. சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வாசங்களையே அவர்கள் அதற்கும் சொன்னார்கள். சுருட்டிலும் இதே கதைதான். மேலிலை கறுத்திருந்தால் காட்டமாகத்தான் இருக்கும் என்று மனம் முடிவு கட்டிவிடும். உண்மையில் கறுத்த மேலிலை பல நேரம் நெடுநாள் பாடத்தால் தித்திப்பு ஏறியதாக இருக்கும். சுருட்டின் இடுப்பில் இருக்கிற பெயர்ப் பட்டையும் அப்படித்தான் ஏமாற்றும். அதனால் பட்டையை உரித்துவிட்டு, நிறமும் தெரியாமல் முகர்ந்து பார்ப்பதுதான் நேர்மையான சோதனை.

பிடிபட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புத்தகத்தில் கண்ட கறுப்புச் செர்ரி, ஓக் மரம் எல்லாம் நமக்கு வேண்டாம். அவற்றை முகர்ந்தே பார்த்திராதவருக்கு அந்தப் பெயர்களால் ஒரு பயனும் இல்லை. பாகு காய்ச்சுகிற இடம், முதல் மழை விழுந்த களம், நெய் உருக்கிய சட்டியின் அடி என்று உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதையே எழுதுங்கள். அடுத்த வாரம் அதே இலையை நோட்டைப் பார்க்காமல் முகர்ந்து மறுபடி எழுதுங்கள். இரண்டு பக்கங்களிலும் பொதுவாக வருவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.