காலைதோறும் புதியவைகள்

(சபையின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்று, நெடும்பயணத்தின் களைப்பையும் பொருட்படுத்தாமல் நம்மிடையே வீற்றிருக்கும் பேரன்புக்குரிய பேராயர் அவர்களே, என்னையும் ஒரு பொருட்டாக எண்ணி இம்மேடைக்கு அழைத்த சபையின் ஆயர் அவர்களே, முன்னிலை வகிக்கும் சபைச் செயலர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி அம்மா அவர்களே, ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களே, வாலிபர் சங்கத்துத் தம்பி தங்கைகளே, திரளாகக் கூடியிருக்கும் விசுவாசப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் நம் ஆண்டவரும் மீட்பருமாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் என் அன்பின் வாழ்த்துக்களைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

எனக்கு முன்பு பேசிய நீதிபதி ஐயா அவர்கள், தீர்ப்பு எழுதும் நாள்களில் விடியற்காலையில் எழுந்து ஜெபித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார் என்று கூறியபோது இந்த அரங்கமே அமைதியாயிற்று. அந்த அமைதியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாலும் நமக்கு ஆசீர்வாதமாகவே இருந்திருக்கும். பாடகர் குழுவினருக்கும் என் நன்றி உரியது. முன்வரிசையில் முதியவர்களுக்கென்று முதுகு சாயும் நாற்காலிகளைத் தேடிப் போட்டு, ஒவ்வொருவரையும் கைப்பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கு என் நன்றி இரட்டிப்பாக உரியது. அதற்குக் காரணம் உண்டு. உரையின் போக்கில் அது உங்களுக்கே விளங்கும்.

‘அன்றாட வாழ்வில் நம்பிக்கையும் புதுவாழ்வும்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதனை மூன்று பகுதிகளாகப் பேச எண்ணியிருக்கிறேன். நம்பிக்கை எங்கே பிறக்கிறது என்பது முதலாவது. புதிதாக்கப்படுதல் எவ்விதம் நடக்கிறது என்பது இரண்டாவது. பணியிடத்திலும் குடும்பத்திலும் அதனைக் காத்துக்கொள்வது எப்படி என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் பொதுவாக, சிறு வயதில் என் தாயார் எனக்குக் கற்பித்த பழமொழி ஒன்று இருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதே அது. ஒரே நாளில் ஒரு மனிதன் மாறிவிடுவதையே நாம் சாட்சி என்று மேடையேற்றுகிறோம். நாளுக்கு ஒரு நூலிழை அளவு மாறிக்கொண்டே வருகிறவனுடைய சாட்சியைக் கேட்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. நான் இன்று அந்த இரண்டாம் வகைச் சாட்சியைப் பேச வந்திருக்கிறேன்.

கி.மு. 586 அளவில் எருசலேம் பாபிலோனியரால் அழிக்கப்பட்டது. ஆலயம் எரிந்தது, மதில்கள் இடிந்தன, மக்கள் சிறைப்பட்டுப் போனார்கள். அந்தச் சாம்பலின் நடுவிலிருந்து எழுந்த அழுகையே புலம்பல் என்னும் நூல். எரேமியா தீர்க்கதரிசி பாடியது என்று மரபு கூறும். அதன் மூன்றாம் அதிகாரம் 18ஆம் வசனத்தில், “என் பெலனும் நான் கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று” என்று அவர் சொல்லிவிடுகிறார். விசுவாசி ஒருவன் சொல்லக்கூடாத வார்த்தை என்று நாம் நினைக்கும் வார்த்தை அது. வேதமோ அதை அடித்துவிடாமல் நமக்காக வைத்திருக்கிறது. நான்கே வசனங்கள் தள்ளி, 22ஆம் வசனத்தில், “நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை” என்கிறார், தொடர்ந்து, “அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது” என்கிறார். இந்த நான்கு வசனங்களுக்கிடையே இடிந்த மதிலில் ஒரு கல்கூட எடுத்துவைக்கப்படவில்லை. பிறகு எது மாறிற்று?

இந்தக் கேள்விக்கு விடையை நான் எந்த வேதாகமக் கல்லூரியிலும் கற்கவில்லை. கண் பார்வையை இழந்த ஒரு முதியவர் எனக்குக் கற்பித்தார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதி கேட்கிறேன்.

அவர் ஓர் அச்சகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பிழைதிருத்துநராக இருந்தவர். ஒற்றெழுத்து விடுபட்டிருந்தால் பக்கத்தைப் புரட்டும்போதே அவர் கண்ணில் பட்டுவிடும் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் மனைவி இறந்துபோனார். அதற்குப் பின் பார்வையின் நடுப்பகுதி மங்கத் தொடங்கி, ஓரங்களில் மட்டும் நிழலாகத் தெரியும் நிலை வந்தது. முகத்தைப் பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் ஒரு கறை தெரியும். எழுத்தைப் பார்த்தால் எழுத்தின்மேல் அதே கறை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆலயத்திற்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நாங்களும், உண்மையைச் சொல்கிறேன், அவர் வராததைப் பல மாதங்கள் கவனிக்கவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றேன். மேசையின்மேல் பெரிய எழுத்து வேதாகமம் இருந்தது. அதன்மேல் கைப்பிடி கழன்று நூல் சுற்றிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கண்ணாடியை எடுத்தபோது, அது இருந்த வட்டம் மட்டும் தூசி படியாமல் அட்டையில் பளிச்சென்று தெரிந்தது. “தம்பி, அதை எடுத்துக்கொண்டு போய் யாராவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். படிக்க முடியாதவனிடம் புத்தகம் இருப்பது புத்தகத்துக்கு அவமரியாதை” என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஆறுதல் வார்த்தை எதுவும் வாயில் வராததனால்தான் புத்தகத்தைத் திறந்தேன், திறந்த இடம் புலம்பலாக இருந்தது, வாசித்தேன்.

நான் வேகமாக வாசித்துக்கொண்டு போனபோது, “நில்லுங்கள், பின்னால் போங்கள்” என்றார். 22ஆம் வசனத்தை மறுபடியும் வாசித்தேன். 23ஐயும் வாசித்தேன். முதியவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். “முந்தின வசனத்தில் ‘அவருடைய இரக்கங்கள்’ என்கிறார். அடுத்ததில் ‘உமது உண்மை’ என்கிறார். படர்க்கையில் தொடங்கியது முன்னிலைக்கு மாறுகிறது. என்னிடம் இந்தப் படி வந்திருந்தால் பிழை என்று ஓரத்தில் குறி போட்டிருப்பேன்” என்றார். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பிழை இல்லை தம்பி. அதுவரைக்கும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், அந்த இடத்தில் திரும்பி அவரோடேயே பேச ஆரம்பித்துவிட்டார்” என்றார்.

பெருமக்களே, என் முதலாம் பகுதிக்கான விடை அதுதான். தேவனைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றை எண்ணிக்கொண்டிருந்த மனம் தேவனை நோக்கித் திரும்பி ‘உம்முடைய’ என்று சொல்லும் அந்தக் கணத்தில், இடிந்த மதில் இடிந்தபடியே இருக்க, நம்பிக்கை பிறக்கிறது.

அதன்பின் செவ்வாய்தோறும் மாலை ஐந்தரை மணிக்குச் செல்வேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஐந்து வாரம் சென்றேன். வேலை மிகுதியினால் அடுத்த இரண்டு வாரங்கள் போகவில்லை, தெரிவிக்கவும் இல்லை. மீண்டும் சென்றபோது பக்கத்து வீட்டுச் சகோதரி என்னை வாசலிலேயே நிறுத்தி, “இரண்டு செவ்வாயும் ஐந்து மணிக்கே சட்டையை மாற்றிக்கொண்டு, நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருட்டும்வரைக்கும் உட்கார்ந்திருந்தார்” என்றார். அந்த நாற்காலி அப்போதும் கதவை நோக்கியே இருந்தது. அவரோ ஒரு சொல்லும் குறை சொல்லாமல், “கொரிந்தியரில் விட்ட இடத்திலிருந்து வாசியுங்கள்” என்றார். அன்றைக்கு என் குரல் நடுங்கியது அவருக்குக் கேட்டிருக்கும்.

விட்ட இடம் இரண்டாம் கொரிந்தியர் நான்காம் அதிகாரம். “எங்கள் புறம்பான மனுஷனானது அழிந்தும், உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது” என்று வாசித்தேன். “வினையைக் கவனித்தீர்களா?” என்றார். “‘புதிதாகிறது’ என்று இல்லை. ‘புதிதாக்கப்படுகிறது’ என்று செயப்பாட்டு வினையாக இருக்கிறது. ஆக்குகிறவர் வேறு ஒருவர். நான் இத்தனை நாள் என்னை நானே சரிசெய்துகொள்ள முடியவில்லையே என்று அழுதுகொண்டிருந்தேன்.”

இரண்டாம் பகுதியில் நான் சொல்ல நினைத்தது முழுவதும் அந்த ஒரு வினைச்சொல்லில் அடங்கிவிட்டது. ‘நாளுக்குநாள்’ என்ற சொல்லை மட்டும் அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் முன்னோர் சொன்னது வீணாகவில்லை. வாரம் ஒரு அதிகாரம் கேட்டவர், ஓராண்டு முடிவதற்குள், வேதத்திலுள்ள பக்திப் பாடல்களான சங்கீதங்களில் பன்னிரண்டை மனப்பாடமாகச் சொன்னார். தொலைபேசியில் ஐந்தாம் எண்ணின்மேல் ஒரு சிறு மேடு இருக்கும். அதை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து மற்ற எண்களைக் கணக்கிட்டு, படுக்கையிலேயே கிடந்த தம் பழைய அச்சகத் தோழர் ஒருவரைக் காலைதோறும் அழைத்து ஒரு சங்கீதத்தைச் சொல்லிவிட்டு வைப்பார். புத்தகத்தைக் கொடுத்துவிடச் சொன்ன மனிதர் இன்னொருவருக்குப் புத்தகமானார். அவர் பார்வை திரும்பவில்லை. அதற்காக நாங்கள் ஜெபித்தோம், திரும்பவில்லை. அதையும் நான் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இதனால் நான் உங்களிடம் கேட்க வந்தது ஒன்று உண்டு. நம்மில் பலருக்கு வேதம் இன்று தனியே, மௌனமாக, கண்ணால் வாசிக்கும் புத்தகமாகிவிட்டது. அது தொடக்கத்தில் காதுக்குக் கொடுக்கப்பட்ட புத்தகம். வெளிப்படுத்தின விசேஷம் முதலாம் அதிகாரம் மூன்றாம் வசனத்தில், “இந்தத் தீர்க்கதரிசன வார்த்தைகளை வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்” பாக்கியவான்கள் என்று இருக்கிறது. வாசிக்கிறவன் ஒருமை, கேட்கிறவர்கள் பன்மை. ஒருவன் வாசிக்க மற்றவர்கள் கேட்கும் சபைக்கே அந்த வசனம் எழுதப்பட்டது. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயா தீர்க்கதரிசியின் நூலை வாய்விட்டு வாசித்ததனால்தான், ஓடிவந்த சுவிசேஷகர் பிலிப்புவின் காதில் அது விழுந்தது.

1738ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் மாலையில், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்திற்கு, மெதடிஸ்டு இயக்கத்தின் நிறுவனரான ஜான் வெஸ்லி விருப்பமின்றியே சென்றார். அங்கே ஒருவர், ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பதாகக் கால் மணி நேரம் இருந்தபோது தம் இருதயம் அனல்கொண்டதாக வெஸ்லி தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்த வாசிப்பிலிருந்து எழுந்த எழுப்புதல் கண்டங்களைக் கடந்து போயிற்று. வாசித்தவரின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. ‘ஒருவர்’ என்றே எழுதியிருக்கிறார். அந்தப் பெயரற்ற ஒருவராக இருக்க இந்தக் கூட்டத்தில் நமக்கு மனம் உண்டா என்பதே என் கேள்வி.

1820இல் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே பார்வையை இழந்த ஃபேனி கிராஸ்பி அம்மையார், 1915இல் மறைவதற்குள் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஞானப்பாடல்களை எழுதினார். சிறுமியாக இருந்த நாளில் அவருடைய பாட்டியும் வீட்டாரும் வேதத்தை வாசித்துக் காட்டக் காட்ட, நான்கு சுவிசேஷங்களையும் அவர் மனப்பாடம் செய்துகொண்டார். அந்தப் பாடல்களுக்குப் பின்னால் ஒரு பாட்டியின் தொண்டை வறட்சி இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கைப்பேசியிலேயே வேதம் ஒலிவடிவில் கிடைக்கிறதே, ஆள் எதற்கு என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். அதுவும் நல்ல உதவியே. தூக்கம் வராத இரவுகளுக்கு அது மிக நல்லது. ஆனால் கேட்கிறவர் “நில்லுங்கள், பின்னால் போங்கள்” என்று பெருமூச்சோடு சொல்லும்போது அந்தப் பெருமூச்சு எதற்கென்று அதற்குத் தெரியாது. ஒருவர் வருவார் என்று சட்டை மாற்றிக்கொண்டு காத்திருப்பதற்கும் அதில் இடமில்லை. காத்திருக்க ஒரு மணி நேரம் கிடைத்ததே அந்த முதியவருக்கு முதல் மருந்தாக இருந்தது என்று நான் நம்புகிறேன்.

ஆகவே, பேராயர் அவர்களையும் ஆயர் அவர்களையும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்: ஆலயத்திற்கு வர இயலாதவர்களின் பட்டியல் ஒன்றைச் சபை எடுக்கட்டும், ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் வாசிக்கிறவர் ஒருவர் பெயர் எழுதப்படட்டும். பிரசங்கம் செய்யவேண்டாம், ஆலோசனை கூறவேண்டாம், அவர்கள் ஏன் வரவில்லை என்று விசாரிக்கவும் வேண்டாம். ஒரு அதிகாரத்தை நிறுத்தி வாசித்துவிட்டு, கேட்கிறவர் பேசினால் கேட்டுவிட்டு வந்தால் போதும். எறும்பு ஊரக் கல்லும் தேயும். தங்களுக்கே நம்பிக்கை வறண்டுபோயிருக்கிறது என்று தயங்குகிறவர்களை நான் குறிப்பாக அழைக்கிறேன். பிறருக்காக வாய்விட்டு வாசிக்கும் வசனம் முதலில் விழுவது வாசிக்கிறவரின் காதில்தான். அது எனக்கு நடந்தது.

மூன்றாம் பகுதியைப் பேச நேரம் இல்லை என்று செயலர் ஐயா அன்போடு கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பேராயர் அவர்களின் ஆசியுரைக்கு உரிய நேரத்தை நான் எடுத்துக்கொள்வது முறையன்று. பணியிடத்தைப் பற்றி ஒரு வாக்கியம் மட்டும்: காலையில் ஒருவருக்கு வாசித்துவிட்டு வேலைக்குப் போகிற நாளில், மேலதிகாரியின் கடுஞ்சொல் முன்போல உள்ளே இறங்குவதில்லை. மற்றவை வேறொரு கூட்டத்தில்.

வெளியே செல்லும் வாசலருகில், காணிக்கைப் பெட்டிக்கு இடப்புறம், கோடுபோட்ட குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கிறேன். பெயர், கிழமை, நேரம் என்று மூன்று பத்திகள் உண்டு. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். எழுத்து சரியாகத் தெரியாத முதியவர்கள், தங்களுக்கு வாசிக்க ஆள் வேண்டும் என்று வாயால் சொன்னால் போதும். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் எழுதிக்கொள்வார்கள். முதல் வரியில் என் பெயரும், செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணி என்பதும் இருக்கும். இரண்டாம் வரியிலிருந்து காலியாக இருக்கிறது.